நகர்வதை வரையக் கூடாதுங்க

போன மாதம், கணபதியில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூடத்தில், நான் வரைந்த படங்களை மூன்று நாள் மாட்டி வைத்திருந்தேன். எல்லாம் பணி ஓய்வுக்குப் பிறகு வரைந்தவை. பெரிய விஷயம் எதுவும் அதில் கிடையாது. பேக்கரி வாசலில் கிரீஸ் கையோடு டீ குடிக்கும் லேத்துத் தொழிலாளிகள், காந்திபுரத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பவர், சென்னிமலைப் படியில் பாதியில் உட்கார்ந்து யார் முதலில் எழுந்திருப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் குடும்பம், அந்தியூர்ச் சந்தையில் தன் குதிரையைவிட நன்றாகத் தலை வாரியிருந்த ஒரு குதிரைக்காரர். இந்த மாதிரிதான்.

முதல் நாள் சங்கச் செயலாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி காவல்காரர் வந்தார். அவ்வளவுதான். இரண்டாம் நாள் கூட்டம் தாங்கவில்லை. "போலீசம்மா நம்ம தெருவையே வரைஞ்சு மாட்டிப்போட்டாங்களாமா" என்று செய்தி பரவிவிட்டது. வந்தவர்கள் யாரும் வண்ணத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. தாங்கள் அதில் இருக்கிறோமா, இருந்தால் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று சோதித்துப் போகத்தான் வந்தார்கள். தையல் கடைக்காரர் ஒருவர் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, என்ற கடை முன்னால வண்டி நிக்கறாப்பல போட்டிருக்கறீங்களே. அது நோ பார்க்கிங்குங்க. ஃபைன் கீது வருமுங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. என் படம் ஒவ்வொன்றிலும் மேல் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பக்கத்தில் 'வ' என்று. வடக்கு. சில படங்களில் மரத்துக்கு ஒன்று, மின்கம்பத்துக்கு இரண்டு, டீக்கடைக்கு மூன்று என்று நம்பரும் விழுந்துவிடுகிறது. நான் போடுவதில்லை, கை போட்டுவிடுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் காவல்துறையில் சம்பவ இடங்களுக்கு மாதிரி வரைபடம் போட்ட கை அது. அந்தக் கை ஒரு பேக்கரியை வரைந்தால் பேக்கரியில் ஏதோ நடந்துவிட்டது போலத்தான் தெரிகிறது.

மூன்றாம் நாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் நித்யா மஃப்டியில் வந்தாள். என்னோடு கடைசி ஐந்து வருடம் வேலை பார்த்த பெண். படங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் சொன்னது இது:

"மேடம், இப்ப நாங்க சம்பவ இடத்துல செல்போன்லயே வீடியோ எடுத்துப்போடறோமுங்க. திருப்பிப் போட்டுப் பார்த்தா எல்லாமே இருக்குது. எதைப் பாக்கறதுன்னுதான் தெரியறதில்லை. நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. எங்க ஸ்டேஷன் ஆளுகளுக்குப் படிக்கக் குடுக்கறேன்."

"படிச்சுட்டுச் சிரிப்பாங்க கண்ணு."

"சிரிக்கட்டுமுங்க மேடம். தூங்காம இருந்தாச் சரி."

அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், ஊர்ந்தோம், இடப்பக்கம் திரும்பச் சொன்னால் பாதிப் பேர் இடப்பக்கம் திரும்பினோம். என் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பாக்கெட் வைத்த சட்டை போட்ட முதல் பெண் நான்தான். அந்தப் பாக்கெட்டில் நான் முதலில் வைத்தது ஒரு பென்சில்.

முதல் இரண்டு வருடம் ஸ்டேஷன் வாசலில் காவலுக்குப் பாரா நிற்பது, திருவிழா பந்தோபஸ்து, கோர்ட்டுக்கு வரும் பெண்களின் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வது என்று போனது. அப்போது ஸ்டேஷனில் பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை கட்டினார்கள். கதவில் ஒரு பெண் தலையை வரையச் சொன்னார்கள். வரைந்தேன். அது ஏட்டய்யாவின் மனைவி போலவே இருப்பதாக ஸ்டேஷன் முழுக்கச் சொன்னார்கள். ஏட்டய்யா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் அந்தக் கதவின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இதை யாரு போட்டது?" என்று கேட்டார். அன்றிலிருந்து மாதிரி வரைபடம் என் தலையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் பெயர் துரைசாமி. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் "ஏம்மா கிரேசு". கொஞ்சம் கடுப்பு என்றால் "ஏனுங்க கிரேசு". "ஏனுங்க கிரேஸ் மேடம், சித்த உள்ள வாரீங்களா" என்று குரல் கேட்டால், அன்றைக்கு ஸ்டேஷனில் ஒருவரும் டீ வாங்கி வரச் சொல்ல மாட்டார்கள். திருடர்களிடமும் அப்படித்தான். கை ஓங்கி நான் பார்த்ததில்லை. "ஏனுங்க, அந்த மோட்டாரை எங்கீங்க வெச்சுப்போட்டீங்க?" என்பார். புதுத் திருடன், ஆள் சாது என்று நினைத்துப் பொய் சொல்வான். பழைய திருடன் அந்த 'ங்க'வைக் கேட்டதுமே சொல்லிவிடுவான்.

மாதிரி வரைபடம் என்பது என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சம்பவம் நடந்த இடத்துக்கு விசாரணை அதிகாரி போனதும், அங்கே என்ன இருக்கிறது என்று எழுத்தில் ஒரு மகஜர் தயாரிப்பார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். கூடவே கோடு போடாத வெள்ளைத்தாளில் ஒரு படம். மேலே வடக்கு. ரோடு, வாசல், சுவர், விளக்குக் கம்பம். சம்பவம் நடந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சாட்சி நின்ற இடத்தில் ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று காலடியால் அளந்து எழுத வேண்டும். துரைசாமி அய்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அளப்பார். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வணக்கம் சொன்னவர் ஊர்ப் பெரியவராக இருந்தால் அவரையும் கூடவே நடத்தி எண்ண வைப்பார்.

நான் போட்ட முதல் படம், ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் திருடு போன வழக்கு. நான் அதற்கு முன் படம் என்றால் அழகு என்று நினைத்திருந்தவள். சுவர் ஓரம் மேய்ந்த கோழி, சைக்கிள் கேரியரில் சாப்பாட்டுத் தூக்குப்போசி, தண்ணீர்த் தொட்டி மேல் காய்ந்த பனியன் எல்லாம் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். அய்யா சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஏம்மா கிரேசு, இந்தக் கோழி எத்தனாவது எதிரி?"

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவோம்.

"எதிரி இல்லீங்கய்யா. அங்க மேஞ்சுட்டு இருந்துச்சுங்க."

"நாலு வருசம் கழிச்சு ஜட்ஜய்யா அந்த எடத்தை நேர்ல பாக்கோணும்னு வருவாரு. அப்ப இந்தக் கோழி மேஞ்சுட்டு இருக்குமா? இருக்காது. சாப்பிட்டு ஏப்பம் உட்டிருப்பாங்க. நகராததை மட்டும் போடு. நகர்றதை வரையக் கூடாது."

கோழி, தூக்குப்போசி, பனியன் மூன்றையும் அடித்தார். அது நல்ல விதி. இன்றைக்கும் நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய், கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கினேன். நகராதது ஃபைலுக்கு, நகர்வது என் நோட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன். மத்தியான வேளைகளில் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, தொப்பியை வயிற்றின் மேல் வைத்துத் தூங்கும் துரைசாமி அய்யாவும் அந்த நோட்டில் இடம் பெற்றார். தூங்குகிறவர் நகர்வதில்லைதான். இருந்தாலும் ஃபைலில் போட முடியாதல்லவா.

ஒருமுறை மட்டும் கை தவறி, கோர்ட்டுக்குப் போன படத்தில் மதில் மேல் ஒரு பூனை தங்கிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கண்டுபிடித்துக் குறுக்கு விசாரணையில் நீட்டினார். "நீங்க போலீசா, ஓவியரா?" என்று சத்தமாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஜட்ஜ் படத்தை வாங்கிப் பார்த்து, "பூனை நல்லா வந்திருக்குது, அடுத்த கேள்விக்குப் போங்க" என்றார். ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், "ஏனுங்க கிரேஸ் மேடம், சித்த உள்ள வாரீங்களா" என்ற குரல் கேட்டது. அதை விட்டுவிடுவோம்.

இனிமேல் சொல்லப் போவதுதான் நித்யாவுக்காக எழுதுவது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. நான் பாராவில் நிற்கிறேன். பொன்னுசாமி என்று ஒரு லேத்து ஒர்க்‌ஷாப் முதலாளி, பெரிய கை, வேட்டி அவிழ அவிழ ஓடி வந்தார்.

"அம்மணி, எங்க கலெக்டரைக் காணமுங்க!"

நான் உள்ளே ஓடி, "அய்யா, கலெக்டரைக் காணமாமுங்க" என்றேன். துரைசாமி அய்யா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நுரையோடு வெளியே வந்தார். விசாரித்தால், கலெக்டர் என்பது பொன்னுசாமி வளர்க்கும் சேவல். தெருவில் நடந்தால் எல்லாரும் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்ததால் அந்தப் பெயராம்.

"சேவல்கட்டுச் சண்டைக்கு வளக்கறீங்களா?" என்றார் அய்யா, வாயைத் துடைத்துக்கொண்டு.

"ஐயையோ, அழகுக்குங்க. சும்மா அழகுக்கு வளக்கறதுங்க."

அழகுக்கு வளர்க்கும் சேவலுக்குத் தினமும் பாதாமும் பேரீச்சம்பழமும் போடுவது எதற்கு என்று அய்யா கேட்கவில்லை. அதற்குள் இரண்டு போன் வந்துவிட்டது. பொன்னுசாமிக்கு வேண்டியவர்கள் பெரிய இடங்களில் இருந்தார்கள். எட்டு மணிக்குள் சந்தேகத்துக்கு ஆளும் கிடைத்துவிட்டார்: மாரிமுத்து. பொன்னுசாமி ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வருடம் டர்னராக இருந்து, சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு நின்றவர். "அந்தச் சேவலைத் திங்காம உடமாட்டேன்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாராம். சாட்சியும் இருந்தது. பொன்னுசாமி வீட்டுக்கு ஒரு வீடு தள்ளி, மாடியில் குடியிருக்கும் சரஸ்வதி அம்மாள், காலை ஆறரைக்கு மாரிமுத்து சாக்கோடு சுவர் ஏறிக் குதித்ததைத் தன் பால்கனியிலிருந்து பார்த்ததாகச் சொன்னார்.

ஒன்பது மணிக்கு மாரிமுத்துவை ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். தெருவே பார்த்தது.

பத்து மணிக்கு நாங்கள் சம்பவ இடத்தில் இருந்தோம். பொன்னுசாமி வீட்டுப் பின்பக்கம் மதிலை ஒட்டிச் சேவல் கூண்டு. அடுத்தது தரைத்தளம் மட்டும் உள்ள மொட்டை மாடி வீடு. அதற்கு அடுத்தது சரஸ்வதி அம்மாளின் மாடி. அய்யா காலடி அளந்தார், நான் போட்டேன். நடுவில் இருந்த வீட்டின் மொட்டை மாடி முழுக்க, நான்கு கொடிகளில், வெள்ளை பெட்ஷீட்டுகள் தொங்கின. லாட்ஜ்களுக்குத் துவைத்துக் கொடுக்கிற வீடு அது. காற்றில் ஒவ்வொன்றும் பாய்மரம் போல உப்பியது. துவைக்கிற அம்மாள் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு நின்ற அழகை நோட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சுக் கொடுத்தேன்.

"எப்பங்கம்மா காயப் போட்டீங்க?"

"தெனமும் ஆறு மணிக்குள்ளங்க. ரெண்டு மணிக்கு எடுத்து மடிச்சாத்தான் லாட்ஜு ஆளு வர்றதுக்குச் சரியா இருக்கும். ஞாயித்துக்கெழமை மட்டும் லீவுங்க."

நான் போட்ட படத்தில் பெட்ஷீட்டும் இருந்தது. ஸ்டேஷனில் அய்யா சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார். "நகர்றதுங்க கிரேசு" என்றார். 'ங்க' வந்துவிட்டது. அன்று அவருக்குப் போன் மேல் போன். நான் வாயைத் திறக்கவில்லை. வேறு தாளில், பெட்ஷீட் இல்லாமல், மொட்டை மாடியைக் காலிச் சதுரமாகப் போட்டு, நம்பர் போட்டு, சுத்தமாகக் கொடுத்தேன். பால்கனியிலிருந்து கூண்டு வரை குறுக்கே ஒன்றுமே இல்லாமல் நேர்க்கோடு ஓடியது. அவ்வளவு அழகான படம் நான் அதற்கு முன் போட்டதில்லை. என் கை கூசவேயில்லை. பிறகு பல நாள் எனக்குப் பயமாக இருந்தது அதை நினைத்துத்தான்.

மாரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, கோழி கேசுக்கு எத்தனை நாளுங்க உள்ள வெப்பாங்க?"

விடுவார்களா என்று அவர் கேட்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். வெளியே வேப்ப மரத்தடியில் அவர் மனைவி நின்றிருந்தார். நான் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை புள்ளைக்கு நிச்சயமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சென்னிமலைங்க. ஜீப்புல ஏத்துனது இந்நேரம் அங்க போய்ச் சேந்திருக்குமுங்க" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் கோர்ட்டில் ஆஜர்படுத்த வேண்டும். மணி ஒன்று. நான் இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்தேன். பால்கனி, மொட்டை மாடி, நான்கு கொடி, பெட்ஷீட், கூண்டு. கீழே விவரக் குறிப்பில், 'ஏழு: பெட்ஷீட்டுகள், தினசரி காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை பாரா' என்று எழுதினேன். மகஜர் ஃபைலோடு கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, விறைப்பாக நின்றேன்.

அய்யா படித்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங்க கிரேஸ் மேடம். இது என்னங்க?"

"நகர்றது இல்லீங்கய்யா. தெனமும் அதே நேரத்துக்கு வருது, அதே எடத்துல நிக்குது, அதே நேரத்துக்குப் போகுதுங்க. நம்ம பாரா டூட்டியாவது முன்ன பின்ன ஆகுமுங்க."

வாசலில் பாராவில் நின்றவர் இருமினார். அய்யா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எந்தக் கெழமை லீவு?"

"ஞாயிறுங்கய்யா."

"இன்னைக்கு?"

"செவ்வாய்ங்கய்யா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால். "எத்தனை மணிக்கு எடுப்பாங்கன்னு சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே தொப்பியை எடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துவைக்கிற அம்மாள் முதல் கொடியில் கை வைத்திருந்தார். கீழேயிருந்தே அய்யா கும்பிட்டார். "தாயி, ஒரு பத்து நிமிசம் அப்படியே உடுங்க." மாடிக்கு ஏறினோம். சரஸ்வதி அம்மாள் காப்பி கலக்கப் போனவரை அய்யா தடுத்து, பால்கனியில் நிற்க வைத்து, தானும் பக்கத்தில் நின்றார்.

"அம்மணி, இங்கிருந்துதானுங்க பாத்தீங்க?"

"ஆமாங்க."

"இப்ப என்னங்க தெரியுது?"

அவர் எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். குதிகாலை உயர்த்திப் பார்த்தார். "துணி தெரியுதுங்க" என்றார்.

"காலைல ஆறரைக்குங்க?"

பெட்ஷீட் ஒன்று உப்பி அடங்கியது. பிறகு சொன்னார்: "பொய் சொல்லோணும்னு சொல்லலீங்க. காலைல எல்லாருமே மாரிமுத்துதான், மாரிமுத்துதான்னு பேசிட்டு இருந்தாங்க. கேக்கக் கேக்க எனக்கும் பாத்தாப்பலயே இருந்துச்சுங்க."

நித்யாவின் ஆட்கள் இந்த வாக்கியத்தை மட்டும் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். முப்பது வருடத்தில் நான் கேட்ட சாட்சியங்களில் இதைவிட உண்மையானது இல்லை.

அய்யா என்னிடம் கை நீட்டினார். "அந்த நோட்டைக் குடு. வேற என்னென்ன நகர்றதைப் போட்டு வெச்சிருக்கே, பாக்கறேன்."

நோட்டு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்தேன். கடைசியிலிருந்து புரட்டினார். துவைக்கிற அம்மாள், கிளிப்போடு. கூண்டில் உடையாமல், திறந்த நிலையில் கொக்கியில் மாட்டியிருந்த பூட்டு. பொன்னுசாமி வீட்டுச் சமையலறை ஜன்னல், உள்ளே ஆணியில் தொங்கிய ஒரு சாவிக் கொத்து, அதில் கட்டியிருந்த சேவல் இறகு. அங்கே விரல் நின்றது. அடுத்த பக்கத்தையும் புரட்டிவிட்டார். வாயைத் திறந்து தூங்கும் துரைசாமி அய்யா. வயிற்றில் தொப்பி. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் படத்தைப் பார்க்கிற அளவு பார்த்தார். முந்தின பக்கத்துக்கே திரும்பினார்.

பொன்னுசாமி வீட்டுக் கூடத்தில் அவரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். மனைவியின் தம்பி சோபாவில் உட்கார்ந்து தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

"அம்மணி, கூண்டுச் சாவி உங்க சமையக்கட்டுல ஆணில தொங்குதுங்க" என்றார் அய்யா. "சுவரேறிக் குதிச்ச திருடன், பூட்டைத் தொறந்து, சேவலைச் சாக்குல போட்டு, உள்ள வந்து சாவியைப் பொறுப்பா மாட்டிப்போட்டா போனானுங்க?"

அந்த அம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி பிசைவதை நிறுத்தினான்.

"ஒரே ஒரு சேவல்கட்டுதானுங்க," என்றான். "நேத்து மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப எடுத்துட்டுப் போனனுங்க. செயிச்சுட்டுச் சத்தமில்லாம அடைச்சுப்போடலாம்னு நெனச்சனுங்க."

பொன்னுசாமிக்குத் திருட்டெல்லாம் மறந்துபோனது. "கலெக்டர் தோத்துப்போச்சா?" என்றார், நெஞ்சில் கை வைத்து.

"தோத்துப்போச்சுங்க மாமா."

"இப்ப எங்கடா?"

எங்கள் பக்கம் தோற்ற சேவல் ஜெயித்தவருக்கு. கோச்சை என்பார்கள். அதன் கறிக்குத் தனி ருசி என்றும் சொல்வார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "கோச்சை ஆயிப்போச்சுங்க" என்றான். பொன்னுசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அழகுக்கு வளக்கறதுன்னு சொன்னீங்களேங்க" என்றார் அய்யா. அவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தம்பி அன்று எங்களோடு ஜீப்பில் வந்தான்.

மூன்று மணிக்கு மாரிமுத்துவை விட்டாகிவிட்டது. அவர் எழுந்து செருப்பைத் தேடினார். அய்யா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பின்னாலேயே தன் காரில் வந்திருந்த பொன்னுசாமியைக் கூப்பிட்டார்.

"நீங்க சொல்லித்தான் இவரைத் தெருவே பாக்க ஜீப்புல ஏத்துனோம். இப்ப உங்க கார்ல, முன் சீட்டுல உக்கார வெச்சு, அதே தெரு வழியா ஊட்டுல கொண்டு போய் உடுங்க. கண்ணாடியை எறக்கி உட்டுட்டு ஓட்டுங்க. வேகமா வேண்டாமுங்க."

அந்தக் கார் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை என்று மறுநாள் பேக்கரியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடந்தது. சென்னிமலைக்காரர்கள் வந்தார்கள். நானும் போனேன், மஃப்டியில்.

சிவப்புப் பென்சிலை அய்யா விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் முடிப்பதற்கு முன், "அங்க வேற என்ன நகருது?" என்று ஒருமுறை கேட்பார். தூங்கும் படத்தைப் பற்றி ஒரு வாரம் மூச்சுவிடவில்லை. எட்டாம் நாள் ஜீப்பில் போகும்போது, வெளியே பார்த்தபடியே, "ஏம்மா கிரேசு, அந்தப் படத்துல வடக்கைக் காணமே" என்றார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் நகர்வதை மட்டும்தான் வரைகிறேன். அதில் ஆபத்து இல்லை என்று நினைத்திருந்தேன்.

கண்காட்சியில் காளான் கடைப் படம் ஒன்று இருந்தது. சாயங்காலத்தில் எங்கள் பகுதித் தள்ளுவண்டியில் இரும்புக் கல் மேல் ஆவி பறக்க, கரண்டிகள் டக்டக்கென்று அடிக்க, சுற்றிலும் நாலைந்து பேர் தட்டோடு நிற்கும் காட்சி. அதில் ஒருவர் நடைப்பயிற்சி ஷூவும் கம்பளிக் குல்லாவும் போட்டு, கண்ணை மூடி, ஸ்பூனை வாயில் வைத்திருப்பார். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். சர்க்கரை வியாதிக்காரர். மனைவி விசாலாட்சி அம்மாள் அவருக்குச் சோற்றைக் கப்பில் அளந்து போடுகிறவர். தெரியாமல் வரைந்துவிட்டேன் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

நித்யா போன கொஞ்ச நேரத்தில் வாத்தியார் தனியாக வந்தார்.

"ஏனுங்க கிரேஸ், அந்தக் குல்லாவை மட்டும் வேற கலருக்கு மாத்திப்போட முடியுமுங்களா?"

"சாட்சியத்தைக் கலைச்சாக் குத்தமுங்க வாத்தியாரே."

"சாயங்காலம் அவ வாராளுங்க."

பாவமாக இருந்தது. படத்தைக் கழற்றி, கதவு திறந்தால் மறைந்துகொள்கிற மூலையில் மாட்டினேன். மாலையில் விசாலாட்சி அம்மாள் வந்தார். எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராகப் போய்க் கதவை இழுத்தார். வாத்தியார் என் பின்னால் நின்றார். அந்த அம்மாள் படத்தின் முன் நின்றது ஐந்து நிமிடமாவது இருக்கும். நான் கத்தலை எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"கண்ணை மூடிட்டுத் திங்கறாரு பாருங்க. நாப்பது வருசமா ஆக்கிப் போடறேன். என்ற சமையலை ஒருநாளாச்சும் இப்படிக் கண்ணை மூடித் தின்னிருக்கறாரா?"

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எதற்கு இதை வரைந்தேன் என்று இருந்தது.

"இந்தக் கடை எங்கீங்க இருக்குது?" என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

சொன்னேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாத்தியார் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார். நான் கூடத்தைப் பூட்டிவிட்டு நோட்டோடு அவர் பின்னால் போனேன்.

கடையில் விசாலாட்சி அம்மாள் ஒரு தட்டு வாங்கினார். ஸ்பூனில் எடுத்து மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். வாயில் போட்டார். மென்றார். கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது முட்டைக்கோசுங்களே. காளான் எங்கீங்க?"

"இருக்குதுங்கம்மா," என்றார் அவர், கரண்டியை வேகமாக ஆட்டிக்கொண்டு. "உள்ள தேடுனா இருக்குமுங்க."

வாத்தியார் திகைத்துப்போய்க் கல்லைப் பார்த்தார். "முட்டைக்கோசா?" என்றார். வீட்டில் அவர் தொடாத ஒரே காய் அதுதானாம். "ஊட்டுல இதைப் பண்ணுனா அக்கட்டால தள்ளி வெக்கறாருங்க" என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லிக்கொண்டே அடுத்த ஸ்பூனை எடுத்தார். அதற்கு அடுத்ததையும் எடுத்தார். நான் நோட்டை விரித்து வேகமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது ஸ்பூனில் அவர் கண் மூடியது.

தட்டு காலியானதும் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இன்னொன்னு போடுங்க. காரம் தூக்கலா. இவருக்கு வேண்டாமுங்க."